களஞ்சிய வாசலில் மச்சாள்

1995 நவம்பர் 6, திங்கள்

உரும்பிராயை விட்டு வெளிக்கிட்டு ஒரு கிழமை ஆகிறது. எழுத இன்றைக்குத்தான் இடம் கிடைத்தது. இடம் என்றால், மீசாலைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பின் கரும்பலகைக்குக் கீழே ஒரு பாய் அகலம். பலகையில் வினைமுற்றுப் பாடம் பாதியில் நிற்கிறது. அதை அழிக்கக் கூடாது என்பது முகாம் தலைவர் கதிர்காமத்தம்பி மாஸ்டரின் கட்டளை. சண்டை ஓய்ந்து பிள்ளைகள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமாம். மாஸ்டர் பென்சன் எடுத்து இளைப்பாறிய தலைமையாசிரியர். நாங்களும் அவருக்குப் பிள்ளைகளாகத்தான் தெரிகிறோம். காலையில் உயர வரிசைப்படி நிற்கச் சொல்கிறார்.

ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பங்கள். நடுவில் சேலைகளைக் கட்டிப் பிரித்திருக்கிறோம். எனக்கும் மச்சாளுக்கும் நடுவில் மட்டும் சேலை இல்லை. இருவரும் ஒரே குடும்பமாம். பக்கத்துப் பக்கத்து வீட்டில், நடுவில் வேலி நாட்டி, இத்தனை வருடம் முகம் பாராமல் இருந்த இரண்டு பேரை ஒரு பாயில் படுக்கவைக்க ஒரு போரே வரவேண்டியிருந்தது.

மச்சாள் என் கணவரின் தமக்கை, பெயர் அன்னலட்சுமி. நான் தன் தம்பியைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. தம்பிக்காரனுக்கு வவுனியாவில் உத்தியோகம். பாதை பூட்டியிருப்பதால் எங்கள் சமாதானத்தைக் கண்ணால் காணும் பாக்கியம் அவருக்கு இல்லை.

வெளிக்கிட்ட அவசரத்தில் ஆளுக்காள் கையில் அகப்பட்டதைத் தூக்கினோம். நான் இந்தக் கொப்பியையும் இரண்டு சேலைகளையும். மச்சாளின் மகள் வதனி தன் கணக்குப் புத்தகத்தை. மச்சாள் தூக்கியது பலகையோடு கூடிய திருவலையை. தேங்காய் இல்லை. துருவுவதற்கு மட்டும் ஆயத்தமாக வந்திருக்கிறார்.

நவம்பர் 8, புதன்

பருப்பும் சோறும். நேற்றும் அதுதான்.

நிவாரணச் சாமான்கள் அதிபரின் அறையில் இருக்கின்றன. அதற்குக் களஞ்சியம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. பொறுப்பாளர் குலேந்திரன், நாற்பது வயது இருக்கும். கையில் எந்நேரமும் களஞ்சியப் பூட்டின் திறப்புக் கோர்வை. சிரித்த முகம். ‘அக்கா, தங்கச்சி’ என்று அவர் கூப்பிடும்போது பெண்களுக்குக் கால் கிலோ பருப்பு கூடக் கிடைத்த சந்தோசம். மச்சாள் அவரை ‘தங்கமான பெடியன்’ என்றார். மச்சாள் வாயால் ஒரு ஆண்மகன் இவ்வளவு நல்ல பெயர் வாங்கி நான் கேட்டதில்லை.

கிணற்றடியைச் சுற்றித் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டித் தரும்படி பெண்கள் கேட்டோம். மாஸ்டர் கூட்டம் வைத்தார். முகாமுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் கூட்டம் முடிந்தது. பாவாடையைக் கட்டிக்கொண்டு முழு ஊரும் பார்க்கத்தான் குளிக்கிறோம். வதனி குளிக்கும்போது மச்சாள் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சேலையின் மறுபக்கத்தை நான் பிடிக்கிறேன். இதுதான் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை.

நவம்பர் 11, சனி

சவர்க்காரமும், பெண்களுக்கு வேண்டிய துணியும் கேட்கக் களஞ்சியத்துக்குப் போனேன். வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்க வெட்கமாக இருந்ததைக் கண்டு, குலேந்திரன் சனம் இல்லாத நேரம், பின்னேரம் வரச் சொன்னார். போனேன்.

கிடைக்கவில்லை. மழை.

நவம்பர் 12, ஞாயிறு

சேலையைத் தோய்த்தேன். அது காயவில்லை. ஆகவே மறுபடியும் தோய்த்தேன். மழைக்காலத்தில் இவ்வளவு சுத்தம் ஆருக்குக் காட்ட என்று மச்சாள் கேட்டார். மணிக்கட்டு ஏன் கன்றியிருக்கிறது என்றும் கேட்டார். கதவில் அடிபட்டது என்றேன். எங்கள் வகுப்பறைக்குக் கதவே இல்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நல்ல வேளை, அவர் அப்போது அடுத்த குடும்பத்துக் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

குலேந்திரனும் கையில் கட்டுப் போட்டிருக்கிறான். எலி கடித்ததாம். மாஸ்டர் உடனே கூட்டம் கூட்டினார். களஞ்சியத்தில் எலி பெருத்துவிட்டது, பூனை ஒன்று வளர்க்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். நானும் கை உயர்த்தினேன்.

நவம்பர் 14, செவ்வாய்

வரிசையில் நிற்கப் போகவில்லை. தலையிடி என்றேன். என் பங்கையும் மச்சாளே வாங்கி வந்து, வாங்கி வந்ததை மூன்று தரம் சொல்லிக் காட்டினார்.

மத்தியானம் அவர் தன் பழைய வொயில் சேலை ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, மடித்து, என் பாய்க்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். நல்ல மெல்லிய துணி. நன்றி சொல்லப் போனேன். உம்மட முகத்தைப் பார்க்கச் சகிக்கேல்லை, அதுதான், என்றார். எங்கள் உறவுக்கு இது ஏறத்தாழக் கட்டிப்பிடித்ததற்குச் சமம்.

நவம்பர் 16, வியாழன்

பின்னேரங்களில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. கக்கூசுக்குப் போகும் பாதை களஞ்சியத்தைத் தாண்டித்தான் போகிறது. இது ஒரு நல்ல பழக்கம். தண்ணீர் அள்ளும் வேலை மிச்சம்.

நவம்பர் 18, சனி

மச்சாள் இன்று தரையில் நடக்கவில்லை, காற்றில் மிதக்கிறார். குலேந்திரன் அவரைக் கூப்பிட்டு, பெரிய மனிசி வரிசையில் நின்று கால் நோக வேண்டாம், ஒரு பால்மாத் தகரப் பேணி எடுத்து வைக்கிறேன், பின்னேரம் மகளை அனுப்புங்கோ என்று சொல்லியிருக்கிறான். ஐந்து குடும்பத்துக்கும் கேட்கும்படியாக மச்சாள் இதை என்னிடம் சொன்னார். ஆளைப் பார்த்து மரியாதை கொடுக்கத் தெரிந்த பெடியனாம்.

நானும் கூடப் போகிறேன் என்றேன்.

என்னத்துக்கு என்றார். பேணி பாரம் என்றேன். வதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிப் பேணி எனக்கு வேண்டும் என்றுதான் நான் ஒட்டிக்கொள்கிறேன் என மச்சாள் முடிவு கட்டினார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பதினாறு வயதுப் பிள்ளை. என்ன மாமி, தொலைஞ்சு போயிடுவனோ என்று கேட்டது.

என்னைக் கண்டதும் அவன் பால்மா முடிந்துவிட்டது என்றான். அவனுக்குப் பின்னால் பேணிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

நவம்பர் 19, ஞாயிறு

நான் கால் வைத்த இடம் விளங்காதாம். பால்மா கிடைக்காததற்கு அதுதான் காரணம். மச்சாள் இதைக் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்.

இன்று பின்னேரம் வதனியைத் தனியாக அனுப்ப இருந்தார். அதற்குமுன் வதனியின் தலையில் பேன் கண்டுபிடித்தேன். ஒரு பேனும் இல்லை. ஆனாலும் மடியில் கிடத்தி, பொழுது சாயும்வரை பார்த்தேன். பிள்ளை நித்திரையாகிவிட்டது.

நவம்பர் 20, திங்கள்

இன்று வதனிக்குக் காய்ச்சல். நான்தான் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். பிள்ளை, எனக்கு ஒன்றுமில்லை மாமி என்றது. காய்ச்சல் உள்ளே நிற்கிறது என்றேன். மச்சாள் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நாளைக்கு என்ன நோய் கொடுப்பது என்று யோசிக்க வேண்டும். வைத்தியர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்திருக்கலாம்.

நவம்பர் 21, செவ்வாய்

நோய் தேவைப்படவில்லை.

விறகு பொறுக்கப் போவோம் என்று காலையில் மச்சாள் என்னைக் கூப்பிட்டார். வதனியைப் பக்கத்துக் குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தென்னங்காணி. மழையில் நனைந்த பாளைகள், ஒன்றும் எரியாது. அவரும் பொறுக்கவில்லை. ஒரு மரக்குத்தியில் இருந்துகொண்டு, என்னையும் இருக்கச் சொன்னார்.

“பிள்ளைக்குப் பேனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உமக்குக் கதவும் அடிக்கேல்லை. என்னத்துக்கு இவ்வளவு பொய்?”

பால்மாவுக்காக என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கன்றல் மஞ்சளாகிவிட்டது. நான்கு விரல் பதிந்த கணக்கு இன்னும் தெரிகிறது. பிடித்த கையை அவர் விடவில்லை.

சொன்னேன். இங்கே எழுதமாட்டேன். ஒரு நாளைக்கு ஒருதரம் போதும்.

மச்சாள் காலடியில் கிடந்த பாளையைக் காலால் தள்ளிவிட்டார். தூரத்தில் பீரங்கிச் செல் விழும் சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு, “அப்ப அவன்ர கையைக் கடிச்ச எலி நீதானோ?” என்றார்.

ஓம் என்றேன்.

“நல்லாக் கடிச்சியோ?”

நல்லாத்தான் கடித்தேன் என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கலியாணம் முடித்த நாள் தொடங்கி ‘நீர், உமக்கு’ என்று தள்ளி வைத்திருந்தவர், இந்தத் தென்னங்காணியில் முதல்தரமாக என்னை ‘நீ’ என்றார். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஏன் தன்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார். நம்புவீர்களோ என்று தெரியவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நம்பியிருக்கமாட்டன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிசி.

நவம்பர் 22, புதன்

மச்சாள் இன்று கிணற்றடிக்கு ஐந்து தரம் போய்வந்தார். தண்ணீர் அள்ளவில்லை. பெண்களோடு கதைத்தார். எப்படிக் கதைத்தாரோ தெரியாது, என் பெயரைச் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினார். எட்டாம் வகுப்பு அறையில் தங்கியிருக்கும் புனிதமலர், கைக்குழந்தைக்காரி, பத்து நாளாகக் குழந்தைக்குச் சோற்றுக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கிறாளாம். ஏன் பால்மா வாங்கவில்லை என்று கேட்டதற்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மறைக்க வேலி நாட்டிய காலத்தில்கூட இவ்வளவு கெட்டித்தனமாக இருந்ததில்லை.

நவம்பர் 23, வியாழன்

மாஸ்டரிடம் போனோம். மச்சாள், நான், புனிதமலர், இன்னும் சில பெண்கள். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். இப்படியான சொல்லுகளைப் பெண்கள் வாயிலிருந்து கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பாவம், எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திருக்காது.

விசாரிக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்றார். முகாமின் பெயர் கெட்டுவிடும் என்றார். சாட்சி உண்டா என்றார். பெயரே இன்னும் வைத்து முடியாத முகாம் எப்படிக் கெடும் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது.

“சாட்சி நான்தான் மாஸ்டர்,” என்றேன். “எனக்குத்தான் நடந்தது.”

மாஸ்டர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். கூட்டம் கூட்டி ஆலோசிப்பதாகச் சொன்னார்.

மச்சாள் எழும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திருவலையைத் தூக்கிக்கொண்டு வந்து, களஞ்சிய வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதன் பலகையில் ஏறிக் குந்திவிட்டார். இரும்பு நாக்கு வெளிப் பக்கம் பார்த்தபடி. உள்ளே போகிறவர் வருகிறவர் எவரும் மச்சாளைத் தாண்ட வேண்டும், அதாவது போகேலாது. குலேந்திரன் சிரித்துக்கொண்டு, என்னம்மா இது, எழும்புங்கோ என்றான். மச்சாள் கையில் ஒரு தேங்காய்ப் பாதிகூட இல்லாமல், துருவுகிற பாவனையில் இருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிசி எடுக்க வழியில்லை. பசி வந்த பிறகு ஆண்களுக்கும் விசயம் விளங்கத் தொடங்கியது. முதலில் எங்களைத் திட்டினார்கள். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் புனிதமலரின் புருசன்.

பொழுது சாயமுன் குலேந்திரனிடமிருந்து வாங்கிய திறப்புக் கோர்வை புனிதமலரின் கையிலும் என் கையிலும் இருந்தது. இனிச் சாமான் கொடுப்பது காலையில், மாமரத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்க. பெண்களுக்குரிய துணியும் சவர்க்காரமும் பெண்களே மடித்துப் பொதியாகக் கொடுப்பது. மாஸ்டர் இதைத் தானே யோசித்ததுபோல அறிவித்தார். நாங்களும் கைதட்டினோம்.

நவம்பர் 24, வெள்ளி

குலேந்திரன் விடிய முன்னமே போய்விட்டான். மாஸ்டர் அலுவலைச் சுமுகமாக முடித்துவிட்டதாகச் சொன்னார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்மா கரைத்தோம். மச்சாள் ஒரு கோப்பை குடித்துவிட்டு, தண்ணி கூடிப்போச்சு என்றார்.

நவம்பர் 26, ஞாயிறு

பக்கத்து வகுப்பறையில் ஒருத்தி, அவள் ஏன் பின்னேரம் தனியப் போனவள் என்று கேட்டிருக்கிறாள். சேலைச் சுவர். எல்லாம் கேட்கும். நான் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்காத நாளில்லை.

மச்சாள் சேலையை விலக்கித் தலையை உள்ளே விட்டு, “துணி வேணுமெண்டு போனவள். உனக்கு மாதத்தில அது வாறேல்லையோ?” என்று கேட்டார்.

நவம்பர் 30, வியாழன்

கிடுகு வந்துவிட்டது. ஆண்கள் கிணற்றடிக்கு மறைப்புக் கட்டினார்கள். கோணல்தான். உள்ளே போய் முதல் ஆளாக நான் குளித்தேன். வெளியே மச்சாள் காவல் நின்றார். கனகாலத்துக்குப் பிறகு தலை முழுகினேன். முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டு உயிரை வாங்கினார்.

தண்ணீர் குடிக்கிறேன். பின்னேரத்திலும்.

டிசம்பர் 2, சனி

லொறியில் அரிசி கொண்டு வந்த சாரதி சும்மா கதைவாக்கில் சொன்னான்: குலேந்திரன் இப்போது கொடிகாமப் பக்கம் ஒரு முகாமில் களஞ்சியப் பொறுப்பாம். கெட்டிக்காரன், அனுபவம் உள்ளவன் என்று மாஸ்டர்தான் அங்கே அனுப்பி வைத்தாராம்.

மாஸ்டரிடம் கேட்டேன். ஓம் என்றார். அவனுக்கும் ஒரு வழி காட்ட வேண்டும், எங்கள் முகாமில் பிரச்சினை தீர்ந்துவிட்டதுதானே என்றார். உண்மையாகவே நல்லது செய்த முகம். அந்த முகத்தோடு சண்டை பிடிக்கத் தெரியாமல் வந்துவிட்டேன்.

மச்சாளிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

“அங்கையும் பொம்பிளையள் இருக்கினம்தானே,” என்றார்.

டிசம்பர் 3, ஞாயிறு

இன்று போய்வந்தோம். அதை எழுத வேண்டும்.

வதனியைப் புனிதமலரிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் நடக்கத் தொடங்கினோம். வீதி முழுக்க இடம்பெயர்ந்த சனம். சைக்கிளில் மூட்டை, மூட்டைக்கு மேலே பிள்ளை. மச்சாளுக்கு முழங்கால் நோ. நின்று நின்று வந்தார். ஒவ்வொருதரமும் காரணம் என் நடை என்றார். நான் வேகமாக நடந்தாலும் குற்றம், மெல்ல நடந்தாலும் குற்றம். இது பழைய மச்சாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

முகாம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். வாசலில் ஒருவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொந்தக்காரரை என்றார் மச்சாள். பொய் சொல்லத் தெரியாது என்று எழுதியது பிழை.

கிணற்றடியில் பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் மறைப்பு இல்லை. எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவில் வரவில்லை. மச்சாள் சொல்லுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தான் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிணற்றுக் கட்டில் என் வயது இருக்கும் ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெசிந்தா என்று பிறகு சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்து சொன்னேன்.

“உங்கட களஞ்சியத்துக்கு வந்திருக்கிறவர் முந்தி எங்கட முகாமிலை இருந்தவர். துணி கேட்க நான் தனியப் போனன். கதவைச் சாத்திப்போட்டுக் கையைப் பிடிச்சவர். சேலையையும் இழுத்தவர். கடிச்சுப்போட்டு ஓடி வந்தனான்.”

அவ்வளவுதான். இத்தனை நாள் எழுதப் பயந்தது இந்த நாலு வரிதான். எழுதியும் விட்டேன்.

தோய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. ஜெசிந்தா கையிலிருந்த உடுப்பைப் பிழிந்தாள். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

“நேற்று என்ர மூத்தவளுக்குப் பால்மா எடுத்து வைக்கிறன் எண்டு சொன்னவர்,” என்றாள். “இண்டைக்குப் பின்னேரம் வரட்டாம்.”

அவள் எழும்பினாள். மற்றப் பெண்களும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பினார்கள். யாரும் கூட்டம் வைக்கவில்லை. களஞ்சியத்துக்கு நேராக நடந்தார்கள். எங்கள் முகாம் இல்லை என்பதால் நாங்கள் கடைசியில் நடந்தோம். களஞ்சிய வாசலில் நின்ற குலேந்திரன், முன்னால் வந்தவர்களைக் கண்டு முதலில் சிரித்தான். பிறகு அவர்களுக்குப் பின்னால் என்னைக் கண்டான். ஜெசிந்தா கையை நீட்டித் திறப்பைக் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. பெண்களும் போகவில்லை. சத்தம் கேட்டு, அந்த முகாமைப் பார்க்கும் பங்குச் சாமியார் வந்தார். முழுக்கக் கேட்டார். என்னிடம் இன்னொருதரம் கேட்டார்; இன்னொருதரம் சொன்னேன். திறப்பை அவரே வாங்கி ஜெசிந்தாவிடம் கொடுத்தார். இவனை இனி எந்த முகாமும் வேலைக்கு எடுக்காதபடி எல்லா இடத்துக்கும் தானே போய்ச் சொல்வதாகவும் சொன்னார். செய்வாரா தெரியாது. செய்யாவிட்டால் நாங்கள் போகவேண்டிவரும்.

தேத்தண்ணி தந்தார்கள். பால் விட்டது. மச்சாள் குறை சொல்லாமல் குடித்தார்.

திரும்பும் வழியில் தூறல். இருவரும் ஒரு உரப்பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தோம். மச்சாள், தம்பிக்கு இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டார். அவன் உன்னைப் பிழையாக நினைத்தால் நான் அவனோடு கதைக்கிறேன், வேண்டுமென்றால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லும்போது குரல் தாழ்ந்திருந்தது.

“சொல்லுறதெண்டா நான்தான் சொல்லுவன், மச்சாள்,” என்றேன்.

ஓம் என்றார். உரப்பையைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துவிட்டு நடந்தார்.